பகல் கட்டங்கள்

அக்காவின் செருப்புச் சத்தம் இரண்டாம் மாடிப் படியில் கேட்டதும் அவன் சுவரிலிருந்த அட்டையைப் பிடுங்கினான். அவசரத்தில் அட்டையின் மேல் முனை கிழிந்து ஆணியிலேயே தங்கிவிட்டது. அதை எடுக்க நேரமில்லை. அட்டையைச் சட்டைக்குள் விட்டு, மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றான்.

கட்டிலில் அம்மா வலப்பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தாள். காலையில் அவன் படுக்க வைத்த அதே நிலை.

அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையிலிருந்து கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். அவனைத் தாண்டிப் போய் அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு திரும்பி அவன் நெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். சட்டைக்குள் அட்டை மடங்கிச் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அவள் காதில் விழவில்லை.

"கஷ்டப்பட்டாளாடா?"

"இல்லக்கா. தூக்கத்துலயே."

அம்மா தூங்கினாளா, விழித்திருந்து யாரையாவது கூப்பிட்டாளா என்று அவனுக்குத் தெரியாது. தூங்கியது அவன்தான்.

கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர் ஜன்னலோரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அவன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கீழே போய் நின்றபோது, முதலில் மேலே ஏறி வந்து அம்மாவின் நாடியைப் பார்த்தவர் அவர்தான். போனை வைத்துவிட்டு அக்காவிடம் வந்தார்.

"டாக்டர் ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன்னார்மா. கடைசியா எப்ப உயிரோட பார்த்தீங்கன்னு கேட்டார். பேப்பர்ல எழுதணுமாம். இவங்க வீட்டுல அட்டையே வெச்சிருக்காங்க, நிமிஷக் கணக்கு சொல்லுவாங்கன்னு சொல்லிட்டேன்."

"ஆமாண்ணே. அட்டையில இருக்கும்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஆணியில் ஒரு துண்டுக் காகிதம் மட்டும் இருந்தது. "எங்கடா அட்டை?"

"தெரியலக்கா. காலையில இருந்துது."

"விழுந்திருக்கும். தேடலாம், விடு."

அந்த அட்டை அவன் போட்டதுதான். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஞாபகம் அதற்கு முன்பே போகத் தொடங்கிவிட்டது. படுத்த படுக்கையானவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவனுக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. பெரிய கட்டடங்களில் ஆள் நடமாட்டம் இல்லாத இரவு நேரத்தில்தான் செய்ய முடியும். அக்காவுக்குப் பகல் வேலை. அதனால் பகல் அவனுக்கு, இரவு அக்காவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். லிஃப்ட் அறையில் மாட்டியிருக்கும் பராமரிப்பு அட்டையைப் போலவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். பகலுக்கு ஆறு கட்டம், இரவுக்கு ஆறு கட்டம்.

லிஃப்ட் அறை அட்டையிலும் கட்டங்கள் உண்டு. கயிறு, பிரேக், கதவு, எண்ணெய் என்று ஒவ்வொன்றையும் பார்த்த பிறகு டிக் போட வேண்டும். அங்கே யாரும் அப்படிப் போடுவதில்லை. வந்ததும் எல்லாக் கட்டத்துக்கும் டிக் போட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்கள். எண்ணெய்க் கையோடு பேனாவைத் தொட வேண்டாம் பார், என்பார் மேஸ்திரி. அவனும் இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறான். ஒரு லிஃப்டும் விழுந்ததில்லை.

முதல் இரண்டு மாதம் வீட்டில் ஒழுங்காகத்தான் இருந்தான். அலாரம் வைத்து எழுந்து திருப்பினான். அம்மா முப்பத்தொரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். திருப்பும்போதெல்லாம் "லைன்ல இருங்க" என்பாள். ஒருநாள் "நான் உன் பையன்மா" என்றான். அம்மா கொஞ்சம் யோசித்து, "அவர் சீட்ல இல்ல. அப்புறம் கூப்பிடுங்க" என்றாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான்.

பிறகு ஒருநாள் பத்து மணி அலாரம் அடித்தது தெரியாமல் தூங்கிப்போனான். எழுந்து பார்த்தால் அம்மா பாட்டுக்குப் படுத்திருந்தாள். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. விட்டுப்போன கட்டத்துக்கு டிக் போட்டான். அப்புறம் நாலு மணிக் கட்டத்தை மூன்று மணிக்கே போட்டான். அதற்கப்புறம் காலையில் வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆறு கட்டத்தையும் முடித்துவிடுவான். அலாரம் வைப்பதை எப்போது நிறுத்தினான் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது.

அக்கா டிக் போட மாட்டாள். மணியை எழுதுவாள். 12.10, 2.25, 4.05. தூக்கக் கலக்கத்தில் எழுத்து கட்டத்தை விட்டு வெளியே போகும். "பகலைப் பாரு, சிப்பாய் நிக்கிற மாதிரி நிக்குது. எங்க வீட்டு மணிக்கூண்டுடா நீ" என்று அவன் தலையில் தட்டுவாள். புண்ணுக்குக் கட்டுப்போட வரும் நர்ஸிடம்கூட அட்டையைக் காட்டிப் பெருமையடித்தாள்.

புண் மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தது. முதலில் சிவப்பாக ஒரு வட்டம். ஒரு வாரத்தில் குழிந்துவிட்டது. நர்ஸ் அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ராத்திரியிலதான் கொஞ்சம் தள்ளிப்போகுது போலிருக்கு" என்றாள். அக்கா அட்டையை வாங்கித் தன் வரிசைகளைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் படுக்கவே இல்லை. முக்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து உட்கார்ந்தே இருந்தாள். தையல் மெஷினில் கண் சொருகி, ஊசி விரலில் ஏறிவிட்டதென்று கட்டோடு வந்தாள். அவன் அந்தக் கட்டைப் பார்த்தான். ஏதாவது சொல்லியிருக்கலாம். "பார்த்து தைக்கக்கூடாதாக்கா" என்று மட்டும் சொன்னான்.

மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வருவதாகக் கீழே போனார். அக்கா ஒரு பேசினில் வெந்நீரும் துண்டும் எடுத்து வந்தாள்.

"டாக்டர் வர்றதுக்குள்ள தொடைச்சு வேற துணி மாத்திடலாம். தோளைப் பிடி."

அவன் பிடித்தான். குனியும்போது அட்டையின் மூலை விலாவில் குத்தியது. அம்மாவின் உடம்பு விறைக்கத் தொடங்கியிருந்தது. பக்கவாட்டில் தூக்கியதும் முதுகில் கட்டு நழுவி, புண் தெரிந்தது. அக்கா துண்டைப் பிழிந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பத்து நிமிஷம், இருபது நிமிஷம்தாண்டா" என்றாள். "வேணும்னு பண்ணலை. அலாரத்தை அமுக்கிட்டு, இதோ இதோன்னு கண்ணை மூடுவேன். அந்தப் பாவம்தான் இப்படிக் குழியா நிக்குது."

"அக்கா."

"நீ பகல் பூரா முழிச்சு, ராத்திரி வேலைக்கும் போயிட்டு, ஒரு நிமிஷம் தவறாம பார்த்தே. நான் ராத்திரி ஒண்ணுதான் பார்த்தேன். அதுலயும் ஓட்டை."

"அக்கா, பேசாம இரேன்."

"எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாமலே போயிட்டா. என் கையாலதாண்டா..."

அவன் அம்மாவை மெதுவாக இறக்கிவிட்டான். பொத்தானைக் கழற்றினான். அட்டை வியர்வையில் நனைந்து, உடம்பின் வளைவுக்கு வளைந்திருந்தது. அதைக் கட்டில் விளிம்பில், அக்காவின் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

கிடைத்துவிட்டதே என்றுதான் அவள் முதலில் எடுத்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இன்றைய தேதியைத் தேடி விரலை வைத்தாள். எட்டு. பத்து. பன்னிரண்டு. விரல் நகர்ந்துகொண்டே போய் இரண்டில் நின்றது. நான்கு. ஆறு.

"மணி என்ன இப்ப?"

"ஒண்ணேகால்."

அக்கா அட்டையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். நேற்றைய வரிசை. முந்தாநாள். அதற்கு முந்தின நாள். தெருவில் யாரோ ஒரு வண்டியைப் பின்னால் எடுக்க வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். "வா, வா, இன்னும் வா, போதும்" என்று தெளிவாகக் கேட்டது.

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துல ஒழுங்காத்தான்..."

"எத்தனை நாளாடா?"

"அஞ்சு மாசமா."

அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அதற்காகத்தான் கன்னத்தைக் கொஞ்சம் காட்டி நின்றான் போலும். அக்கா அட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காலையில எட்டு மணி?"

"அது நிஜம்க்கா. திருப்பினேன். வலப்பக்கமா. முதுகுக்குத் தலையணை வெச்சேன். அரை டம்ளர் பால் குடிச்சா. அப்புறம்தான் படுத்தேன்."

எட்டு மணி டிக்கும் ஆறு மணி டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. அக்கா ஒன்றைப் பார்த்தாள். மற்றதைப் பார்த்தாள்.

"அது மட்டும் நிஜம்க்கா" என்றான் மறுபடியும். தன் குரலே தனக்குப் பொய்போலக் கேட்டது.

அவள் அட்டையைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுத் துண்டை எடுத்தாள். "தூக்கு" என்றாள். மிச்ச வேலை முழுவதும் இருவருக்கும் நடுவில் தூக்கு, இறக்கு என்ற இரண்டு வார்த்தைகள்தான்.

டாக்டர் இரண்டு மணிக்குச் சற்று முன்னால் வந்தார். பின்னாலேயே மருந்துக்கடைக்காரர். டாக்டர் இளவயதுக்காரர், ஒன்றுக்கும் அவசரப்படாதவர். கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், முதுகைப் பார்த்தார். முதுகைப் பார்க்க மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"இது எத்தனை நாளா?"

"மூணு வாரமா" என்றாள் அக்கா.

"திருப்பிப் போட்டீங்களா?"

"ராத்திரி நான் போட்டேன்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"பகல்ல நான்" என்றான். "சரியாப் பார்க்கலை. போட்டேன்னு எழுதிட்டுத் தூங்கிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் சட்டென்று தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். டாக்டர் பேனா மூடியைத் திறந்தார்.

"வயசு?"

"எழுபத்தொன்பது" என்றாள் அக்கா.

"கடைசியா உயிரோட பார்த்தது?"

இந்த அறையில் தன் வாயிலிருந்து எந்த மணி வந்தாலும் அதற்கு மதிப்பில்லை என்று அவனுக்குத் தோன்றியது. டாக்டரின் பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது.

"எட்டு மணி" என்றாள் அக்கா. "பால் குடிச்சிருக்கா."

நம்பித்தான் சொன்னாளா, எழுதுவதற்கு ஏதோ ஒரு மணி வேண்டுமென்று சொன்னாளா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார்.

அம்மாவைக் கொண்டுபோக வண்டி நாலு மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் டாக்டரோடு இறங்கிப் போனார். போகும்போது அவனை விட்டு விலகி நடந்தார். வழக்கமாக முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறவர்.

அக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவை அப்போதுதான் உணர்ந்தவள்போல எடுத்துச் சுருட்டி ஜன்னலில் வைத்தாள். கட்டில் காலோரம் வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் கண்ணை மூடறேன். வண்டி வந்தா எழுப்பு."

"சரிக்கா."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எழுப்புவியா?"

"எழுப்பறேன்க்கா."

கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்தாள். சாய்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். இரண்டு வாரத் தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. விரலின் கட்டு அழுக்கேறி நுனி பிரிந்திருந்தது. மூலையில் ஒரு தலையணை இருந்தது. அதை எடுத்து அவள் தலைக்கு வைக்கலாம் என்று எழுந்தவன், பாதியில் நின்று, திரும்ப முக்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

வெயில் மெல்ல நகர்ந்து அக்காவின் முகத்தில் விழுந்தது. தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்தாள். பிறகு பெருமூச்சுவிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, யாரும் தொடாமலே இடப்பக்கம் புரண்டு படுத்தாள்.