ஏழாவது அடி

“சித்தப்பா, அந்தப் பக்கம் பிடிங்க.”

புத்தக அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தபடி மகள் மூச்சு வாங்கினாள். கூட்டம் வரும், இடம் வேண்டும் என்று காலையில்தான் சித்தப்பா அதை ஆள் வைத்துப் பின்னறைக்குத் தள்ளியிருந்தார். அப்பா படுத்திருந்த கட்டிலைச் சுவரோரம் ஒதுக்கியதும் அவர்தான். அப்பா நேற்று மாலை போனார். இன்று மதியம் எடுக்கிறார்கள்.

“சாவு வீட்ல சாமான் நகர்த்துறவளை இப்பதான் பாக்குறேன்.”

“முதல்ல நகர்த்துனது நீங்கதான்.”

சித்தப்பா மறுமுனையைப் பிடிக்க, அலமாரி முன்னறையில் பழைய இடத்துக்கே வந்தது.

முப்பது வயதில் பார்வை போன பிறகுதான் அப்பா வாத்தியாரானார். பார்வையில்லாதவர்களுக்கு இந்த முன்னறையில் இருபத்தாறு வருடம் பிரெய்ல் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் சட்டம் இரண்டே. எந்தச் சாமானும் இடம் மாறக்கூடாது. கதவு ஒன்று முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுக்க மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவில் முட்டி அவர் நெற்றி வீங்கிய அன்று வீடே வாங்கிக் கட்டிக்கொண்டது.

அவரிடம் படித்தவர்கள் பதினொரு மணி பஸ்ஸில் வருகிறார்கள்.

“வேன் அனுப்புறேன்னேன், கேட்டியா? ஆளுக்கொரு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்துடலாம். யாராவது விழுந்து தொலைச்சா?”

“அந்த பஸ்ஸைப் பேச வச்சதே அப்பாதான். அதுலதான் வருவாங்க. கையைப் பிடிச்சு இழுத்தா அப்பா திட்டுவாரு.”

“அவரு இனிமே எங்க திட்டப்போறாரு?”

“நான் திட்டுவேன்.”

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஆறு வருடம் ஒற்றைக்காலில் நின்றார் அப்பா. “கண்ணு தெரியாத பத்து பேருக்காக பஸ் கத்தணுமா?” என்று கேட்ட அதிகாரியிடம், “பஸ்ல தூங்குறவங்களுக்கும் சேர்த்துதான் கேக்குறேன்” என்றாராம். அந்த ஆறு வருடமும், ‘அண்ணனுக்கு எதுக்கு இந்த வம்பு’ என்று பார்த்தவரிடமெல்லாம் புலம்பித் திரிந்தவர் சித்தப்பா.

வாசலிலிருந்து இடது கையால் அலமாரியைத் தொட்டுக்கொண்டே வந்தால் ஏழாவது அடியில் அப்பாவின் மேசை. அந்த இடத்தில் இப்போது கட்டிலைப் போட்டாள். பயமாகத்தான் இருந்தது. ஒருவர் தடுமாறினாலும் போதும், சித்தப்பா பேச்சு எடுபட்டுவிடும். அப்பா முன்னாலேயே அவருடைய மாணவர்களைக் கையைப் பிடித்து நடத்துவார்கள்.

தெருவில் குச்சிகள் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் வந்தவர் வக்கீலம்மா. வாசலில் குச்சியை மடக்கினார். இடது கை அலமாரியில் படிந்தது. மகள் மனதுக்குள் எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு. நீட்டிய வலது கை அப்பாவின் கைமேல் போய் அமர்ந்தது.

“சார்” என்றார் வக்கீலம்மா. அந்தக் கையைத் தடவிக்கொடுத்தார். பிறகு மெல்ல, “அலமாரி ரெண்டு விரல் தள்ளியிருக்கே. சார் சும்மா விடமாட்டாரே” என்றார்.

அழுகைக்கு நடுவே மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பதினாறு பேர் வந்தார்கள். ஒருவர் கையையும் யாரும் பிடிக்கவில்லை. இத்தனை பேரையும் நடக்க வைத்தவர் என் அப்பா என்று தெருவுக்கே கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சித்தப்பா யார் வழியிலும் படாமல் சுவரோடு ஒட்டி நின்றார்.

தெருமுனையில் அடுத்து வந்த பஸ், நிறுத்தத்தின் பெயரை உரக்கச் சொன்னது. இன்னும் சிலர் வர வேண்டும். காற்றில் வாசல் கதவு பாதி சாய்ந்திருந்தது. அவள் எழுவதற்குள் சித்தப்பா போய், அதைச் சுவரில் முட்டும்வரை தள்ளி, முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.