ஏழாவது மாடியில் ஒரு விருந்து

சுதர்சனின் வெள்ளைக் கார் பாதிக் கதவு வரை தண்ணீரில் நின்றது. ஏழாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்த காஞ்சனாவுக்கு வயிறு குளிர்ந்தது. நல்லா நில்லு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இவ்வளவு சீக்கிரம் வந்து நிற்கும் என்று அவளே நினைக்கவில்லை.

பருவநிலை மாறிவிட்டது, ஆற்றங்கரையில் வெள்ளம் வரும், எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான் என்று சொல்லி அதிகாரிகள் இவர்கள் வீடுகளை இடித்து, பாலாநகருக்கும் அப்பால் இந்த அடுக்குமாடியில் கொண்டுவந்து போட்டார்களே, அந்தத் திட்டத்துக்கு ஆலோசகர் இந்த சுதர்சன்தான். இந்தத் தெலுங்கு ஊரில் தமிழ் பேசுகிறாரே என்று நம்பி, "சார், இது பழைய ஏரி. மழை பெஞ்சா ரோடு முழுகிடும்" என்று முதல் கூட்டத்திலேயே சொன்னாள். "அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்மா" என்றார். போன மழைக்கு அவள் புருஷன் லட்சுமணனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் ரோட்டின் அந்தக் கோடியிலேயே நின்றுவிட்டது. அவன் லிஃப்ட் வாசலில் அவள் மடியிலேயே போய்விட்டான். அதற்கப்புறம்தான் இங்கிருக்கும் ஆண்கள் சேர்ந்து பின்பக்கத்துப் பாறையை உடைத்து ஒரு நடைவழி போட்டார்கள். அது எந்த வரைபடத்திலும் கிடையாது.

இன்றைக்கு, ஜனங்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று கேட்டு எழுத வந்தவர் மாட்டிக்கொண்டார். காஞ்சனா வீட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார்.

"சாயந்திரம் ஹப்சிகுடால என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்மா. வெளிய போக வேற வழியே இல்லையா?"

பக்கத்து வீட்டு பூபாலன் சமையலறைக்கே வந்துவிட்டான். "அக்கா, பாறை வழிய சொல்லிடட்டா? பாவமா இருக்கு" என்று கிசுகிசுத்தான்.

"நக்கோ, வேணாம். நீ வாயத் தொறந்தே, அப்புறம் என் மூஞ்சில முழிக்காத."

வீட்டுக்கு வந்தவரைப் பட்டினி போடுவது அவள் வளர்ந்த வளர்ப்பில் இல்லை. சோறு வடித்தாள், பருப்பு கடைந்தாள். உப்பு மட்டும் போடவில்லை. உப்பைத் தின்றால் உறவு ஒட்டிக்கொள்ளும். தின்றவருக்கு விசுவாசம் வரும், போட்டவளுக்கு இரக்கம் வரும். அந்த எழவு இரக்கம் அவளுக்கு வேண்டாம்.

ஒரு வாய் வைத்தவர் தயங்கினார். "உப்பு மறந்துட்டீங்க போல."

"மறக்கல சார். என் வீட்டு உப்பத் தின்னவங்களுக்குத்தான் நான் வழி காட்டுவேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "அப்ப... வழி இருக்கா?"

காஞ்சனா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தன் தட்டில் சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, ஜாடியிலிருந்து உப்பை எடுத்துத் தூவிப் பிசைந்தாள். அவருடைய போன் அடித்தது. திரையில் பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு பெண்.

"பொண்ணு லட்சணமா இருக்கா சார்" என்றாள் காஞ்சனா. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் முதல் கவளத்தை வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.