ஸ்பிரிங்கைக் கழற்றச் சொன்னவள்

உடற்பயிற்சிக் கூடத்தில் மெஷினைப் பார்த்ததும் அவள் அதன் அடியில் எட்டிப் பார்த்தாள். பிறகுதான் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணுக்கு வணக்கமே சொன்னாள். முப்பது வருடமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவள். கடைத்தெருவில் அவளுக்கு வைண்டிங்கம்மா என்றுதான் பெயர். மின்விசிறியோ தண்ணீர் மோட்டாரோ, எதுவானாலும் அவளிடம் வந்தால் முதலில் மல்லாந்துதான் கிடக்க வேண்டும். இந்த மெஷின் கட்டில் உயரத்தில் இருந்தது. நடுவில் தண்டவாளத்தில் ஓடும் மெத்தைப் பலகை, அதை இழுத்துப் பிடிக்க நான்கு ஸ்பிரிங், தலைமாட்டில் கப்பியும் கயிறும்.

"நல்ல வேலைப்பாடு," என்றாள் மனசார.

கூட வந்த மகனுக்கு நிம்மதி. "பாத்தியாம்மா? தரையில படுக்கவே வேணாம். உக்காந்து அப்படியே சாஞ்சிக்கலாம். எழுந்திருக்கறதும் சுலபம்."

அந்த எழுந்திருப்பதில்தான் எல்லாம் இருந்தது. போன மாதம் ஒரு மத்தியானம் சமையலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எழ முடியவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தாள். தரையில் கிடப்பவளுக்குத் தன் வீடே வேறு ஊராகிவிடுகிறது. நாற்காலிக் கால்கள் காடு, கதவிடுக்கு வெளிச்சம் எங்கோ ஓடும் ஆறு. மகன் வந்து தூக்கினான். தூக்கிய கையோடு முடிவும் எடுத்துவிட்டான்: டாக்டர் சொன்ன பிலாட்டிஸ் உடற்பயிற்சியைச் செய்து பார்க்கட்டும், இரண்டு மாதத்தில் உடம்பு தேறாவிட்டால் கடையையும் வீட்டையும் பூட்டிவிட்டு அவனோடு வந்துவிட வேண்டும். அவளுக்கென்று ஒரு அறைக்குப் பெயிண்ட்கூட அடித்தாயிற்று. என்ன நிறம் வேண்டும் என்று அவளைக் கேட்கவில்லை.

கூடத்தின் மறுபாதியில், மெஷின் இல்லாமல் விரிப்பில் படுத்துச் செய்யும் மேட் வகுப்பு. நாலைந்து பேர் தரையில் மல்லாந்து, காலைத் தூக்கிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினார்கள்.

"அது ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கும்மா. மெஷின்தான் அடுத்த லெவல்," என்றான் மகன், எல்லாம் தெரிந்தவன்போல.

"அப்படியெல்லாம் இல்ல சார்," என்றாள் பயிற்சிப் பெண். "ஆனா ஆன்ட்டிக்கு மெஷின்ல நல்ல சப்போர்ட் கிடைக்கும்."

"ஆன்ட்டியா? எனக்கே தெரியாம உங்கம்மா எனக்கு அக்காவா?"

படுத்தாள். கயிற்று வளையங்களில் பாதங்களை மாட்டியதும் கால்கள் தாமாக எழும்பி மிதந்தன. தண்ணீருக்குள் வாழும் ஏதோ ஒரு ஜீவன் தன் இடுப்பிலிருந்து முளைத்ததுபோல அவளுக்கு வியப்பாக இருந்தது. கண்ணை மூடி அதை அனுபவித்தாள். பிறகு தொழில் புத்தி விழித்துக்கொண்டது. மோட்டார் சுழன்றால் போதுமா? எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

"ஸ்பிரிங்கைக் கழட்டும்மா. ஒண்ணு மட்டும் இருந்தா போதும்."

"லேசாக்கினா சுலபமா இருக்கும்னு நினைக்காதீங்க. இதுல கால் கனக்கும்."

"அதைத்தான் பாக்கணும்."

காலை எடுத்துவிட்டு, ஒன்றை விட்டு மற்ற ஸ்பிரிங்குகளைக் கழற்றி, காலை மறுபடி வளையத்தில் மாட்டினார்கள். பலகை தலைமாட்டுக்கு ஓடியது; கால்கள் ஈர மூட்டைபோல இறங்கின. இரண்டு தரம் தூக்கப் பார்த்தாள். அசையவில்லை.

"அப்ப முன்ன மிதந்தது நான் இல்ல," என்று எழுந்து உட்கார்ந்தாள். "நான் அந்தப் பக்கம் போறேன். மேட் வகுப்புக்கு."

"அம்மா, விளையாடறியா? கீழ படுத்தா எப்படி எழுந்திருப்ப?"

"அதைக் கத்துக்கத்தான் போறேன். என் சமையலறையில ஸ்பிரிங் மாட்டி வெச்சிருக்கியா நீ?"

"மெஷின்ல கொஞ்ச நாள் பழகிட்டு..." என்று இழுத்தாள் பயிற்சிப் பெண்.

"இவன் குடுத்ததே ரெண்டு மாசம். அதை மிதந்து தீக்கவா?"

அவளாகவே நடந்து போய், முட்டி போட்டு, முனகி, தரைக்கு இறங்கினாள்.

முக்கால் மணி நேரத்தில் மற்றவர்கள் செய்ததில் பாதிகூட அவளுக்கு வரவில்லை. வகுப்பு முடிந்து அவரவர் மேட்டைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் கிடந்தாள். மகன் குனிந்து கையை நீட்டினான்.

"கைய எடு."

"விழுந்துடுவம்மா."

"விழுந்தா தரைக்குத்தானே வருவேன்? அங்கதான் இருக்கேன்."

பயிற்சிப் பெண் பக்கத்தில் படுத்து, தொடாமல், செய்து காட்டினாள். ஒருக்களித்துப் புரள வேண்டும். முழங்கை. உள்ளங்கை. நாலு காலில் நிற்க வேண்டும். அவள் புரண்டாள்; வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. வலது பாதத்தை முன்னால் கொண்டுவந்து ஊன்றினாள். தொடை நடுங்கியது. மகன் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

இடது முட்டி ஒரு விரற்கடை மேலே வந்தது. அது அழுத்தியிருந்த குழி, மேட் விரிப்பில், மெதுமெதுவாக உப்பிக்கொண்டிருந்தது.