கை போகிற உயரம்

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் குனிந்தபடியேதான் இருந்தேன். நான் நெட்டை. என் மனைவி என் நெஞ்சுயரம். வீட்டில் எந்தப் பொருளானாலும் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கும். டீத்தூள் வேண்டுமென்றால் பெரிய மனிதர் யாருக்கோ கும்பிடு போடுவதுபோல நான் வளைய வேண்டும். "ஒட்டகம் தண்ணி குடிக்க வந்திருச்சு" என்பாள். பிறகு பக்கத்தில் வந்து நின்று, "இப்படிக் குனிஞ்சாத்தான் உங்க மூஞ்சியே எனக்கு நேரா தெரியுது. மத்த நேரமெல்லாம் சட்டைப் பொத்தானோடதான் குடும்பம் நடத்துறேன்" என்பாள்.

அவள் ஒரு பம்பு செட் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஆணி, வாஷர், பேரிங், ரப்பர் வளையம் என்று கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. தொழிற்சாலையில் மேலாளர்கூட அவளை ஸ்டோரக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். மற்றவர்கள் விட்ட புள்ளியைக் கண்டுபிடித்துவிடுவேன். நெற்றியில் ஏற்றிவிட்ட என் கண்ணாடியை வீடெல்லாம் தேடுவேன்.

பொருளுக்கு இடம் ஒதுக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. ஸ்டோருக்குப் புதிய சாமான் வந்தால் அதை உடனே அடுக்க மாட்டாள். தன் மேசைக்கடியில் வைத்துக்கொள்வாள். அதைத் தேடி ஆள் வரும்போது, "நீயே பாத்து எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கவனிப்பாள். அவன் கை முதலில் எந்தத் தட்டுக்குப் போகிறதோ, அதுதான் அந்தச் சாமானுக்கு இடம். "நம்ம வசதிக்கு வச்சா நாம லீவு போட்ட அன்னிக்கு வேலை நின்னுடும். அவன் கை போற எடத்துல வச்சா நாம இல்லாட்டியும் நடக்கும்" என்பாள்.

"அப்ப வீட்டுல மட்டும் ஏன் எனக்குக் கூன் விழுது?" என்று கேட்டேன் ஒருமுறை.

"இங்க வேலை பாக்குறது நான். நீங்க வேடிக்கை பாக்க வர்ற ஆளு."

அவளுக்கு நோய் வந்தபோது எங்கள் மகள் வெகு தொலைவில், வேறொரு ஊரில், வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாள். அவள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் போன் செய்து அழுவாள். இவள் ஸ்டோர்க் குரலில் பேசுவாள். "மருந்து நல்லா கேக்குதுடி. இப்ப வந்து என்ன பண்ணப் போற? பேசாம காலை நீட்டிப் படு. உன் புள்ளைய நான்தானே தூக்கணும், அதுக்காவது தேறிட மாட்டேனா?" போனை வைத்துவிட்டு என்னிடம் வேறு குரலில் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. எதிர்பாக்காம நடந்துபோச்சுன்னே இருக்கட்டும். தெரிஞ்சும் என்னைக் கூப்பிடலையேன்னு ஆயுசுக்கும் அரிச்சுக்குவா."

நான் தலையாட்டினேன்.

அதற்குச் சில நாட்கள் முன்புதான் அது தொடங்கியிருந்தது. காலையில் டீ போடப் போனேன். குனிந்தேன். டீத்தூள் டப்பாவைக் காணோம்.

"எங்கம்மா டப்பா?"

அவள் சமையலறை ஸ்டூலில், போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். மேல்தட்டுக்கு ஏறுவதற்காக அவள் வாங்கிய குட்டை ஸ்டூல் அது. "தேடுங்களேன்" என்றாள்.

கீழே துழாவினேன். நிமிர்ந்தேன். என்னை அறியாமல் கை அடுப்புக்கு மேலே வலது மூலைக்குப் போனது. அவள் போர்வைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"அங்கேயே வைங்க."

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். வைத்தேன். மறுநாள் உப்பு. அப்புறம் தீப்பெட்டி, டார்ச், காய்ச்சல் மாத்திரை, திருப்புளி. ஒவ்வொன்றையும் மடியில் ஒளித்துக்கொண்டு, என் கை போகிற இடத்தைப் பார்ப்பாள். சர்க்கரை வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"இங்க வச்சா உனக்கு எட்டாதே."

"எனக்கு எதுக்கு எட்டணும்?"

டப்பாவைப் பிடித்தபடி நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயந்திரம் எல்லாவற்றையும் கீழே இறக்கிப் பழைய இடங்களில் வைத்தேன். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அதன் மேல் ஏறி நின்று, மேல்தட்டில் காக்கித்தாள் விரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தை இரண்டு மடிப்பாக உள்ளே மடித்து, மூலையை முக்கோணமாகச் செருகி. ஸ்டோர்த் தட்டுகளுக்கும், மகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கும் அப்படித்தான் போடுவாள்.

"இறங்கு" என்றேன்.

"பிடிச்சுக்கோங்க. இன்னும் ரெண்டு தட்டுதான்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கையில் எடையே தெரியவில்லை. அதன்பிறகு நான் எதையும் இறக்கவில்லை.

துணிமணிகளையும் அவளே ஒழித்தாள். பார்க்க வந்த தொழிற்சாலைப் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்றிரண்டாகக் கொடுத்தாள். "எடுக்காத சாமான் எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று அவர்களுக்கும் தெரிந்தது. வாங்கிக்கொண்டு படிக்கட்டில் நின்று அழுதார்கள்.

மகளுக்குப் பிள்ளை பிறந்த வாரத்தில் இவள் போய்விட்டாள். மகளால் வர முடியவில்லை. பயணம் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளும் குள்ளம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது முதுகைப் பார்த்தேன். ஒரு நொடி அவள் அம்மாதான் வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

குழந்தையைக் கூடத்தில் கிடத்திவிட்டு, பையிலிருந்து பெரிய பெரிய பிளாஸ்டிக் பைகளை எடுத்தாள். "உங்களால முடியாதுன்னு தெரியும்ப்பா. அம்மா சாமானையெல்லாம் பிரிச்சு, வீட்ட ஒழுங்கு பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள். நான் எதற்கும் தயாராக இருந்தேன். பீரோவைத் திறந்தாள். ஒரு பக்கம் என் சட்டைகள். மறுபக்கம் காலி.

"அம்மா துணியெல்லாம்?"

"குடுத்தாச்சும்மா."

"எல்லாத்தையுமா?"

பீரோவைச் சாத்திவிட்டு டீ போடப் போனாள். எழும்பிப் பார்த்தாள், எக்கிப் பார்த்தாள். டப்பா விரல் நுனிக்குக்கூட எட்டவில்லை. கீழே திறந்தாள், தட்டுகள் வெறுமையாக இருந்தன. மெதுவாகத் திரும்பினாள்.

"ஏன்ப்பா, அதுக்குள்ளயா? அம்மா போன ஈரம்கூடக் காயல. எல்லாத்தையும் உங்க உசரத்துக்கு ஏத்தி வச்சுட்டீங்க?"

"குனிஞ்சா இடுப்பு வலிக்குது பாப்பா."

"அம்மா இருந்தவரைக்கும் வலிக்கலையா?"

என்னிடம் பதில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல மாட்டேன் என்று அவள் அம்மாவிடம் தலையாட்டியிருந்தேன்.

"இந்த வீட்டுல அப்படி ஒருத்தி இருந்தாங்கிறதுக்கு ஒரு அடையாளம் காட்டுங்க பாப்போம்" என்றாள். குரல் உடைந்தது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஒவ்வொரு டப்பாவாக இறக்கினாள். டீத்தூள், உப்பு, தீப்பெட்டி, சர்க்கரை. தான் சின்ன வயதில் பார்த்த இடங்களை நினைவுபடுத்தி, துடைத்துத் துடைத்துக் கீழே அடுக்கினாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அம்மாவை அவள் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். அதற்காக, அவள் அம்மா கடைசியாகச் செய்த வேலையை என் கண்ணெதிரில் கலைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைத்தானே வெறுக்கிறாள், வெறுத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

மேல்தட்டு காலியானது. துடைக்கத் துணியோடு போன அவள் கை அப்படியே நின்றது. தாளின் மூலையை விரலால் தடவினாள்.

"இது உங்க வேலை இல்ல."

நான் நிலைப்படியை விட்டு உள்ளே வந்தேன்.

"உங்களுக்கு ஒரு புத்தகத்துக்கு அட்டை போடத் தெரியாது. இது அம்மா மடிச்சது." ஸ்டூலில் நின்றபடியே என்னைப் பார்த்தாள். இப்போது அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. "அம்மாவா எல்லாத்தையும் மேல வச்சாங்க? உங்களுக்காகவா?"

"ம்."

"அப்ப அவங்களுக்குத் தெரியும்."

"பாப்பா..."

"வராத, மருந்து கேக்குதுன்னு போன்ல சொன்னாங்களே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியாப்பா?"

பின்னாடி என்று சொல்லியிருக்கலாம். அவள் கண்கள் அவள் அம்மாவின் கண்கள். என் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிற கண்கள்.

"முன்னாடி" என்றேன்.

அவள் இறங்கி, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து கீழ்த்தட்டுகளைப் பார்த்தாள். "ஐயோ, நான் எல்லாத்தையும் கலைச்சுட்டேனே" என்று எழுந்தாள். "எது எங்க இருந்துச்சுன்னு நான் பாக்கலியே, சொல்லுங்கப்பா. அப்படியே திருப்பி வச்சிடறேன்."

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஒரு பொருளையும் நான் கண்ணால் தேடி எடுத்ததில்லை. கை போகும், பொருள் அங்கே இருக்கும். அவ்வளவு சரியாக வைத்திருந்தாள்.

அம்மாவின் முறை மகளுக்கும் தெரியும். "கண்ண மூடிக்கோங்க" என்றாள். "டீத்தூள் எடுங்க."

கை மேலே போனது. அடுப்புக்கு மேலே, வலது மூலை. அவள் டப்பாவை அங்கே வைத்தாள். தாள் சரசரத்தது.

"உப்பு."

கை கொஞ்சம் தயங்கி, பக்கத்தில் போனது.

"தீப்பெட்டி."

கை கீழே போனது.

"அங்க இல்லப்பா. மேல இருந்துச்சு."

"தெரியும்மா. இன்னொரு தடவை கேளு."

"தீப்பெட்டி."

மறுபடியும் கீழே. சர்க்கரை என்றாள், கீழே. டார்ச் என்றாள்; கீழே. அவள் அம்மா உடம்பு முடியாமல் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பழக்கிவிட்டுப் போனதெல்லாம் கையை விட்டுப் போய்விட்டது. அதற்கு முந்தைய காலம்தான் மிச்சமிருந்தது.

கூடத்தில் குழந்தை அழுதது. மகள் போனாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. கை கீழ்த்தட்டில் இருந்தது, முதுகு வளைந்திருந்தது. அப்படியே குனிந்து நின்றேன். அந்த உயரத்தில்தான் அவள் முகம் இருக்கும்.