பூர்கிக்குக் கிடைத்த தலைமையுரை

சுவிற்சர்லாந்தின் துன் நகரத் தமிழர்கள் வாணிவிழாவுக்கு மண்டபம் எடுத்தால் மாலை ஆறு மணிக்குப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். சங்கத் தலைவர் கனகரத்தினத்துக்கு மட்டும் ஒலிவாங்கியைக் கண்டால் மறந்துபோகும்.

சிவநேசன் ஊரில் கணித ஆசிரியர். இங்கே ஏரிக்கரை ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் நடந்த வாணிவிழாவில் பேச ஓர் இடம் கெஞ்சி வாங்கினான். மாதக்கணக்காக நூலகத்தில் அகராதியோடு மல்லுக்கட்டி, யோஸ்ட் பூர்கி என்பவரைப் பற்றிப் படித்தான். பூர்கி இந்த நாட்டு மனிதர், நானூறு வருடத்துக்கு முந்திய மணிக்கூட்டுக்காரர். லத்தீன் தெரியாது. நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் புரட்டிய மடக்கை அட்டவணை மாதிரி ஒன்றைத் தன்பாட்டில் கணக்குப் பண்ணி முடித்தார். முடித்து என்ன! அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். அதற்குள் ஸ்கொட்லாந்திலிருந்து நேப்பியர் தன்னுடையதை வெளியிட்டுவிட, பெயர் முழுக்க அவருக்கே போய்விட்டது. இந்த மனுசனின் பெயரை நாலு தமிழர் அறியவேண்டும், அதைத் தன் வாயால் சொல்லவேண்டும். சிவநேசனுக்கு வேறு ஆசை இல்லை.

பேச்சாளரைத் தலைவர் அறிமுகம் செய்வது வழக்கம். அதற்கு ஒரு குறிப்புக் கேட்டார். மடையன், முழுக் கதையையும் எழுதிக் கொடுத்தான்.

விழாவன்று தலைவர் அந்தத் தாளை விரித்தார். பூர்கி பிறந்தார், மணிக்கூடு செய்தார், கணக்குப் போட்டார். சபை வாயைப் பிளந்து கேட்டது. மேடையோரம் நின்ற சிவநேசன் தன் கையிலிருந்த பேச்சில் ஒவ்வொரு வரியாக வெட்டிக்கொண்டு வந்தான். நேப்பியர் முந்திக்கொண்ட இடத்தில் தலைவருக்குக் குரல் தழுதழுத்தது. கைதட்டல் ஓய வெகு நேரம் எடுத்தது.

மண்டபத்துக்குப் பொறுப்பான சுவிஸ்காரர் வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"தம்பி, நேரம் போச்சு," என்றார் தலைவர், ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு. "நீர் நன்றியுரையைச் சொல்லி முடியும்."

"அண்ணை, என்ர பேச்சு?"

"அதைத்தான் நான் சொல்லிப்போட்டனே. இனி என்ன கிடக்கு?"

முன்வரிசையில் இருந்த சிவநேசனின் மனைவி கலாவதி, விடாதேங்கோ என்று கண்ணை உருட்டினாள். சிவநேசன் ஒலிவாங்கியைப் பிடித்தான். நெஞ்சுக்குள் நின்றது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

"எங்கள் தலைவர் அவர்களின் அருமையான ஆராய்ச்சிக்கு..."

சபை மறுபடியும் கைதட்டியது.

விழா முடிந்து மண்டபத்துக் கதிரைகளை அடுக்கும்போது கலாவதி சீறினாள். "வாயில என்ன கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீங்கள்?"

அவன் மறுமொழி சொல்லுமுன் தலைவர் வந்து தோளில் கைபோட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

"ஆரா நகரச் சங்கத்திலயும் வந்து பேசட்டாம் எண்டு என்னைக் கேக்கினம், தம்பி. இப்பிடி இன்னொரு விஞ்ஞானியைப் பாத்து எழுதித் தாரும்."

"ஓம் அண்ணை," என்றான் சிவநேசன். சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவனுக்கு.