கோடு வரை தண்ணீர்

சட்டையின் மேல் பொத்தானைப் போடலாமா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பொத்தானை அவர் போட்டதே கிடையாது. யாரோ கழுத்தைப் பிடிப்பதுபோல இருக்கிறது என்பார். நேற்று மதியம் செய்தித்தாளோடு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். மடியிலிருந்த தாள்கூடக் கீழே விழவில்லை. இனிமேல் வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்பதற்காகப் போட்டுவிடுவதா? அவள் பொத்தானைத் திறந்தே விட்டாள்.

வாசலில் நின்ற வேன் அவர் ஓட்டியதுதான். இறுதி ஊர்திச் சங்கத்தின் வேன். இருபத்தாறு வருஷமாக ஊரில் போனவர்களையெல்லாம் மேட்டுக்கு மேலே இருக்கும் மயானத்துக்கு அதில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இதயம் பலவீனமாக இருக்கிறது, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று போன வருஷம் டாக்டர் சொன்ன பிறகு சாவி நெட்டையன் கைக்குப் போனது. நெட்டையன் அவரிடம் வேலை பழகியவன். நாற்பது வயதாகியும் வேன் கதவில் தலையை இடித்துக்கொள்ளாமல் இறங்கத் தெரியாது. இன்றும் இடித்துக்கொண்டுதான் இறங்கினான்.

"அண்ணி" என்றான்.  கையில் ஒரு டம்ளர் வைத்திருந்தான்.

அந்த டம்ளரை அவளுக்குத் தெரியும். சங்கத்தில் புது ஓட்டுநருக்கு வைக்கிற ஒரே பரீட்சை அதுதான். வேனின் பின்பலகையில், கால்மாட்டில் ஒரு வளையம் இருக்கும். டம்ளருக்குள் கீறியிருக்கும் கோடு வரை தண்ணீர் ஊற்றி, அந்த வளையத்தில் வைத்து, மயானம் வரை ஓட்ட வேண்டும். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். "உள்ள படுத்திருக்கிறவரு, பாத்து ஓட்டுப்பான்னு சொல்லமாட்டாரு. அவருக்காக டம்ளரு சொல்லுது" என்பார் அவர். சங்கத்து ஆள் ஒருவர் இறந்தால், அவரை ஏற்றிப்போகும்போதும் அதே வளையத்தில் டம்ளரைத் தண்ணீரோடு வைப்பார்கள். அவர்களுக்குள் அது ஒரு மரியாதை.

எதிர்வீட்டு டீச்சர் காலையிலிருந்து மூன்றாவது முறையாகத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒரு வாயாவது குடிங்க. நேத்துலேர்ந்து ஒண்ணுமே உள்ள போகல."

"அப்புறம் டீச்சர்" என்றவள், நெட்டையனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "தம்பி, சாவியக் குடுங்க. நான் ஓட்டுறேன்."

 கூடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் நிமிர்ந்தான்.

"என்னம்மா சொல்ற?"

"அப்பாவ நான் கொண்டுபோறேன்னு சொல்றேன்."

"விளையாடுறியாம்மா? லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல. அதுவும் அஞ்சாவது தடவைல!"

அது உண்மை. அவள் மறுக்கவில்லை. ஐம்பத்துமூன்று வயதில், மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், அவரை வெள்ளிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டுமே என்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கூடப் படித்ததெல்லாம் அவள் மகனைவிடச் சின்னப் பிள்ளைகள். காலையில் வீட்டுக் காரில் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். அவருக்குத் தெரிந்த ஒரே பாடம் டம்ளர். அதை மடியில் வைத்துக்கொண்டு, "சிந்தாம போ" என்பார். அவளும் சிந்தாமல் போனாள். பலன், முதல் டெஸ்டில் பரீட்சை அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது டெஸ்டா, ஊர்வலமா?" என்றார். ஃபெயில். வீட்டில் வந்து சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் மாத்திரை எடுத்துக் கொடுக்கவேண்டியதாகிவிட்டது.

இரண்டாவது டெஸ்டில் வேகமாகப் போகவேண்டும் என்ற ஒரே நினைப்பில் ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே முக்கால் கிலோமீட்டர் போனாள். கருகின வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது, மேட்டில். பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். கார் பின்னால் உருண்டு, பூக்கடையின் நான்கு வாளிகளைக் கவிழ்த்துவிட்டு நின்றது. நான்காவதும் அதே மேடு. இன்ஜின் நின்றுபோனது, பின்னால் நாலைந்து பேர் ஹாரன் அடித்தார்கள், அவள் கதவைத் திறந்து இறங்கி நேராக வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். பரீட்சை அதிகாரி காருக்குள் உட்கார்ந்திருப்பது வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.

ஐந்தாவதில் பாஸ். ஊரெல்லாம் வாழ்த்தியது. ஆனால் அன்று மேட்டுச் சாலையில் தார் போட்டுக்கொண்டிருந்ததால் சமதரையிலேயே டெஸ்டை முடித்துவிட்டார்கள். இது அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், சாலை பிரிகிற இடத்தில் அவள் காரை இடதுபக்கம் திருப்புவாள். மேட்டைத் தாண்டினால் ஐந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. இடதுபக்கம் போனால் நாலு கிலோமீட்டர் சுற்று. அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த வழியை இன்றுதான் பார்ப்பதுபோல ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். போன வெள்ளிக்கிழமை மட்டும், பிரிகிற இடம் வந்தபோது மெல்லக் கேட்டார்.

"இன்னிக்கு மேட்டுல போலாமா?"

"அடுத்த வெள்ளிக்கிழமை போலாங்க. கண்டிப்பா."

"சரி."

இன்று வெள்ளிக்கிழமை.

இதையெல்லாம் கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு மகனுக்கு விளக்க முடியாது. அவனுக்கு அப்பா போன துக்கத்தோடு அம்மாவைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்திருந்தது. அவள் மேல் பாசம் இருப்பதால்தான் அந்தப் பயம். அது அவளுக்கும் புரிந்தது.

"நடு ரோட்ல நின்னுபோச்சுன்னா என்னம்மா பண்ணுவ?"

"மறுபடி ஸ்டார்ட் பண்ணுவேன்."

"மேடு இருக்கு அண்ணி" என்றான் நெட்டையன்.

"தெரியும் தம்பி. மயானத்துக்கு வேற வழி இல்லைங்கறதும் தெரியும்."

நெட்டையன் அவரை ஒருமுறை பார்த்தான். திறந்திருந்த மேல் பொத்தானைப் பார்த்தான். பிறகு சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். மகன் தன் காரை எடுக்கப் போனான். கதவை அவன் சாத்திய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். அவரை வேனில் ஏற்றியதும், நெட்டையன் டம்ளரில் கோடு வரை தண்ணீர் ஊற்றி வளையத்தில் வைத்துவிட்டு, முன்னால் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான்.

நெட்டையனுக்காகப் பின்னால் தள்ளிவைத்த இருக்கையில் உட்கார்ந்தால் பிரேக் அடுத்த தெருவில் இருந்தது. அவள் இருக்கையை இழுத்து முன்னால் கொண்டுவந்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தாள், எடுத்தாள், எடுத்துவிட்டோமா என்று இன்னொருமுறை பார்த்தாள். இரண்டாவது டெஸ்ட் கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

சமதரையில் வேன் சமர்த்தாகப் போனது. ஊர்வல வேகம் அவளுக்குக் கைவந்த வேகம். இன்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சாலை பிரிகிற இடம் வந்தது. கை தன்னாலே இடதுபக்கம் போகப் பார்த்தது. அதை இழுத்துப் பிடித்து நேராகப் போனாள். மேடு தொடங்குகிற இடத்தில் பூக்கடைக்காரி, ஓட்டுநர் இருக்கையில் இருப்பது யார் என்று பார்த்தாள். உடனே வாளிகளை ஒவ்வொன்றாகக் கடைக்குள் இழுத்தாள். நெட்டையன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு கியரைக் குறைத்தாள்.

பாதி ஏற்றத்தில் சிக்னல் சிவப்பானது.

முன்னால் ஒரு பஸ். பின்னால், ஒட்டினாற்போல, மகனின் கார். கண்ணாடியில் அவன் முகம் தெரிகிற அளவுக்கு நெருக்கம். போன முறைகளில் இந்த இடத்தில்தான் அவளுக்கு உடம்பு வேர்க்கும். பின்னால் இருப்பவர் என்ன நினைப்பார் என்று யோசித்தே கிளட்சைச் சட்டென்று விட்டுவிடுவாள்.

"தம்பி, இறங்கிப் போய் அவன கொஞ்சம் பின்னாடி தள்ளி நிக்கச் சொல்லுங்க. அம்மாவுக்கு இடம் வேணுமாம்னு சொல்லுங்க."

இவ்வளவுதானா! கேட்டால் கிடைத்திருக்கும் என்று மேட்டில் நடந்த இரண்டு டெஸ்டிலும் தோன்றவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடியில் மகனின் கார் மெதுவாகப் பின்னே நகர்ந்தது. நெட்டையன் தலையை இடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

பச்சை விழுந்தது. கிளட்சை விட்டாள். வேன் ஒரு குலுக்கு குலுக்கி இன்ஜின் நின்றது. பலகையில் டம்ளர் கிணுகிணுத்த சத்தம் அவள் முதுகில் ஏறியது. எங்கோ கீழே ஒரு ஹாரன், பிறகு இன்னொன்று. நெட்டையனின் கை ஹேண்ட் பிரேக்கை நோக்கி நீண்டது.

"கைய எடுங்க தம்பி."

அவன் எடுத்துக்கொண்டான்.

அவளே ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். வேன் ஒரு சாண்கூடப் பின்னே போகவில்லை. முன்னால் பஸ் மேடேறி மறைந்தது; சிக்னல் மறுபடி சிவப்பானது. கதவின் கைப்பிடி பக்கத்திலேயே இருந்தது. வீடும் நடக்கிற தூரம்தான். அவள் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பாமலே பின்னால் இருந்தவரிடம் சொன்னாள்.

"கொஞ்சம் பொறுங்க. இந்தப் பச்சை போயிடுச்சு. அடுத்தது வரும்."

சாவியைத் திருப்பினாள். இன்ஜின் எழுந்தது. கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வேனின் மூக்கு லேசாகத் தூக்கிக்கொள்ளும் இடம் காலுக்குத் தெரிந்தது. அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டாள். ஹாரன்கள் கேட்டன. அடிக்கட்டும், அவர்களுக்கு எத்தனை அவசரமோ. பச்சை விழுந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள்.

வேன் மேலே போனது. ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல், நெடுநாளாக அங்கே போய் வருகிற வண்டிபோலப் போனது. ஊர் கீழே இறங்கியது. மருந்துக் கடையின் கூரை தெரிந்தது, அப்பால் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. இவ்வளவு அழகான வழியையா அவருக்கு இரண்டு மாதம் காட்டாமல் இருந்தோம் என்று நினைத்தபோது நெஞ்சு வலித்தது. வலித்தாலும், காட்டிவிட்டோம் என்பதும் கூடவே இருந்தது.

மயான வாசலில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தார்கள். பலகை ஈரமாக இருந்தது. டம்ளரில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

"ஃபெயில்தானே தம்பி?"

"அண்ணன் மொத தடவை ஓட்டினப்போ டம்ளரே உருண்டு ரோட்ல விழுந்துச்சாம் அண்ணி. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லல" என்றாள். முப்பத்தொரு வருஷம் கூட இருந்த மனுஷன் இதை மட்டும் எப்படி மறைத்தார்!

வளையத்திலிருந்து டம்ளரை எடுத்தாள். அப்போதுதான் தொண்டை எவ்வளவு வறண்டிருக்கிறது என்று தெரிந்தது. அங்கேயே நின்று, மிச்சத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காலி டம்ளரைப் பலகையில் வைத்தாள். பிறகு அவரை இறக்க இடம் விட்டு நகர்ந்தாள்.

எல்லாம் முடியப் பதினொன்றரை ஆனது. வந்தவர்கள் கலைந்தார்கள். நெட்டையன் வேன் பக்கம் வந்து பழக்கத்தில் சாவிக்குக் கை நீட்டினான். அவள் ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கையில் இருப்பதைப் பார்த்து, தன்னிடமிருந்த மகனின் கார்ச் சாவியைத் தூக்கிக் காட்டினான்.

"உங்க பிள்ளைதான் குடுத்தாரு. அவரு உங்ககூட வராராம்."

அவள் மகனைத் தேடினாள். அவன் மயானச் சுவரோரம் இருந்த குழாயடியில் குனிந்து நின்றான். டம்ளரைக் கண் உயரத்துக்குத் தூக்கிக் கோட்டைப் பார்த்தான். கொஞ்சம் கொட்டினான், மறுபடி பிடித்தான். பிறகு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், ஒவ்வோர் அடியாக வேனை நோக்கி நடந்து வந்தான்.