ஒன்பதடி உயரம்

'வானம் தன் வளர்ப்பு மகனைத் திரும்ப அழைத்துக்கொண்டது.' காரமடை கல்யாண மண்டபத்தில் நடந்த நினைவேந்தல் கூட்டத்தின் ஃப்ளெக்ஸில் முதல் வரி இதுதான். எழுதியவன் நான். வானம் யாரையும் அழைக்கவில்லை. நஞ்சப்பன் மாஸ்டர் ஒன்பதடி ஏணியிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்து, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து செத்துப்போனார்.

ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம், எங்கள் ஸ்கைடைவிங் கிளப்பில் பதினோரு வருடம் என்று நாலாயிரத்துச் சொச்சம் தடவை விமானத்திலிருந்து குதித்தவர். சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்த என்னைப் போன்றவர்களைச் சனி ஞாயிறுகளில் பத்தாயிரம் அடிக்குக் கூட்டிப்போய், முழுசாகக் கீழே இறக்கிவிட்டவர். அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. விமானக் கதவு திறக்கும் முன்னால் ஒவ்வொருவரின் பாராசூட் வாரையும் பக்கத்து ஆள் தொட்டுப் பார்க்க வேண்டும். "பாத்துட்டயா கண்ணு?" என்பார். "பாத்துட்டேனுங்க மாஸ்டர்" என்றால் விடமாட்டார். "வாய்ல பாத்தா ஆகாது சாமி. கைய வெச்சுச் சொல்லு." கையை வைத்துச் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும்.

கிளப் தலைவர் மதன்குமார் பம்ப் கம்பெனி முதலாளி. ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. நாலு தடவை கிளம்பினார். நாலு தடவையும் அவருக்கு மட்டும் காற்று சரியில்லாமல் போய்விட்டது. ஆனால் குதிக்கும் உடுப்பில், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் நிற்கும் படம் இல்லாமல் கிளப்பில் ஒரு ஃப்ளெக்ஸும் அடித்ததில்லை. ஆண்டு விழாவுக்காக அப்படி ஒன்றைத்தான் மாஸ்டர் விமானக் கொட்டகை வாசலில் கட்டிக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயசு. கீழே ஏணியைப் பிடிக்க நின்றவன் நான். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. மேலேயிருந்து "புடிச்சுட்டயா கண்ணு?" என்றார். "புடிச்சுட்டேனுங்க மாஸ்டர்" என்றேன். கையை வைத்துச் சொல்லச் சொல்லவில்லை. ஒன்பதடிக்கு எதற்கு என்று விட்டிருப்பார். படத்தில் இருந்த தலைவரின் வலது பூட்ஸ் பக்கம் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும்போது ஏணி சறுக்கியது.

மாஸ்டரின் உயிர் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைவர் என் தோளில் கை போட்டார். "ஏணி வேண்டாமுங்க தம்பி. அத்தன தடவ குதிச்ச மனுசன் ஏணியில இருந்து உழுந்தாருன்னா அடுத்த பேட்சுக்கு எவன் வருவான்? பயிற்சியின்போதுன்னு போட்டுக்கலாம். நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஏணி இல்லையென்றால் ஏணியைப் பிடித்தவனும் இல்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து போனில் அந்த வானத்து வரியை எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலைவர் 'மகனை' என்பதற்கு முன்னால் 'வளர்ப்பு' சேர்த்தார். மாஸ்டரின் அப்பா தலைவர் வீட்டுத் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர். அவர் பையனை வானமே பெற்றதாகச் சொல்வது கொஞ்சம் அதிகம் என்று பட்டிருக்கலாம்.

கூட்டத்தில் தலைவர் நாற்பது நிமிஷம் பேசினார். அதில் மாஸ்டருக்கு ஆறு நிமிஷம் கிடைத்தது. கல்லூரித் தாளாளர் ஒருவர் மாஸ்டரைக் கழுகு என்றார். அடுத்தவர் விட்டுக்கொடுக்காமல் கருடன் என்றார். ஒவ்வொரு தடவை கைதட்டல் எழும்போதும், மேடை ஓரத்தில் சால்வை போர்த்தி உட்கார வைத்திருந்த மாஸ்டரின் மனைவி வள்ளியாத்தாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து தக்காளி சாதம் கொடுக்க ஆரம்பித்ததும் கை கழுவும் இடத்தில் வள்ளியாத்தாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிரவினு, ஏணியப் பத்தி யாரும் பேசப்படாதுன்னாங்க. செரின்னுட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியோணும் கண்ணு."

"சொல்லுங்கம்மா."

"ஊட்ல பல்பு மாத்தோணும்னாலே என்னயக் கூப்புட்டு ஸ்டூலப் புடிக்கச் சொல்லுவாரு. புடிச்சுட்டயா, புடிச்சுட்டயான்னு உசுர வாங்குவாரு. ஏரோப்ளேன்ல இருந்து உழுகற ஆளுக்கு முக்காலிக்கு இத்தன பயமான்னு நான் சிரிப்பேன். அப்பேர்ப்பட்ட மனுசன் கீழ ஆளில்லாம ஏறியிருக்க மாட்டாரு. யாரு புடிச்சிருந்தா?"

குழாயை மூடினேன். மூடிய பிறகும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தானுங்கம்மா."

திட்டவில்லை. சால்வையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "அப்பறம் எப்படிக் கண்ணு?"

"ஒரு போன் வந்துபோட்டுதுங்க. அவசரமுங்க. ஒரு நிமிசந்தானுங்க..."

"ஊட்ல யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலீங்களா?"

அவர் மரியாதையாக 'ங்க' போட்டுக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டேன். "அம்மாளுக்குங்க."

"இப்பத் தேவலையா?"

"தேவலைங்க."

"நல்லாருக்கட்டும். பெத்தவள உட்டுபோட முடியுமா?" என் தலையில் கை வைத்தார். ஈரக் கை. பிறகு சாதம் வாங்கும் வரிசையில் போய்க் கடைசி ஆளாக நின்றார்.

போன் எதுவும் வரவில்லை. ஏணியிலிருந்து கையை எடுத்து, அன்று காலை குதித்தபோது எடுத்த என் படத்துக்கு எத்தனை லைக் விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு. அதில் ஒன்று நான் போட்டது.